முதலில் மாடி, அப்புறம் வண்டி: ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

போன வைகாசியில் உச்சிப்புளியில் ஒரு கல்யாணப் பந்தி. சித்தப்பாதான் ஆரம்பித்தார். "ஏன்டா, பாம்பன் பாலத்து நடுவுல சார்ஜ் தீந்து நின்னா என்ன செய்வ? பெட்ரோல்னா ஒரு கேன்ல வாங்கிட்டு வந்து ஊத்திக்கலாம்." எதிர் வரிசையில் இருந்தவர் மின்சார கார் வைத்திருப்பவர், அவர் விடவில்லை. மோர் வரும்வரை இரண்டு பக்கமும் மாறி மாறிப் பேசினார்கள், இரண்டு பக்கமும் பாதி சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறோம், வீட்டில் இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் ஓடுகிறது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அந்த இரண்டு எண்ணும் தெரியாமல் இந்த விவாதத்தை விடிய விடியப் பேசினாலும் முடிவுக்கு வராது.

எனக்கு வீடு உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே. மாடியில் 3 கிலோவாட் சோலார் இருக்கிறது, வாசலில் மின்சார கார் நிற்கிறது. புதிதாக யோசிப்பவர்கள் நிறையப் பேர் கேட்பதால், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். காரைப் பார்த்து ஆசைப்பட்டு அங்கிருந்து ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். என் கணக்கில் மாடிதான் முதலில்.

முதல் வேலை: இரண்டு எண்கள்

கடைசி ஆறு பில்லை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதாவது ஒரு முழு வருடம். நம் ஊரில் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. முதலில் கொஞ்சம் யூனிட் இலவசம், அதற்குமேல் படிப்படியாக ஏறும். கவனிக்க வேண்டிய படி 500. அதைத் தாண்டிவிட்டால் மேலே போகும் யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல், 1000-ஐயும் தாண்டினால் 11 ரூபாய்க்கு மேல் போகிறது. உங்கள் வீடு 500-க்குக் கீழே நிற்கிறதா, மேலே நிற்கிறதா என்பதுதான் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம்.

அடுத்த எண் கிலோமீட்டர். ஓடோமீட்டரை இன்று ஒரு போட்டோ, அடுத்த மாதம் இதே தேதியில் ஒரு போட்டோ. குத்துமதிப்பாகச் சொல்லவே சொல்லாதீர்கள், எல்லோரும் உண்மையில் ஓடுவதைவிடக் கூட்டித்தான் சொல்கிறார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். மாதம் 1000 கிலோமீட்டர் ஓடும் ஒரு வீடு, இரண்டு மாத மின்சாரம் 380 யூனிட் என்று வையுங்கள். பெட்ரோல் கார் லிட்டருக்கு 16 கொடுத்தால் இரண்டு மாதத்துக்கு 125 லிட்டர், லிட்டர் 100 ரூபாய் என்றாலே 12,500. அதே தூரத்துக்குச் சின்ன மின்சார கார், சார்ஜ் ஏறும்போது வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்து, யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்தால் 286 யூனிட். 380-உம் 286-உம் சேர்ந்தால் 666. பார்த்தீர்களா, 500-க்குக் கீழே அமைதியாக இருந்த வீடு ஒரே தாவலில் மேலே ஏறிவிட்டது. சோலார் இல்லாமல் கார் மட்டும் வாங்கியவர்கள் முதல் பில்லைப் பார்த்து அதிர்ந்துபோவது இதனால்தான். அப்படியும் கூடுதலாகக் கட்டுவது சுமார் 2,500 ரூபாய்தான் வரும், பெட்ரோலுக்கு அது பக்கத்தில்கூட வராது. ஆனால் அந்த 286 யூனிட்டும் மாடியிலிருந்தே வந்துவிட்டால்?

ஒரு கிலோவாட் சோலார் நம் வெயிலுக்குச் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் 12, இரண்டு மாதத்துக்கு 700-ஐ ஒட்டி. ஐப்பசி, கார்த்திகையில் குறையும், மாசி, பங்குனியில் கூடும். மேலே சொன்ன வீட்டுக்கு 3 கிலோவாட் கச்சிதமாகப் பொருந்தும்.

சரி, மாதம் 300 கிலோமீட்டர்தான் ஓடுகிறது, காரும் ஓரளவு நன்றாக இருக்கிறது என்றால்? அந்தப் பெட்ரோல் காரையே வைத்துக்கொள்ளுங்கள். மனதாரச் சொல்கிறேன். ஒரே அளவு வண்டியில் மின்சாரத்துக்கு 3 லட்சம் கூடுதல் என்று வைத்தால், மாதம் 1000 ஓடுபவருக்கு அது ஐந்து வருடத்தை ஒட்டித் திரும்பி வரும், 300 ஓடுபவருக்குப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகும். அதோடு 2025 செப்டம்பரில் சின்னப் பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது, மின்சார காருக்கு 2019-லிருந்தே 5 சதவீதம். விலை இடைவெளி முன்புபோல இல்லை, பழைய கணக்கை வைத்துக்கொண்டு பேசாதீர்கள். சோலார் மட்டும் போடுங்கள், கார் தேய்ந்தபிறகு யோசிக்கலாம்.

மாடியைப் பார்ப்பது

ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். நிழல் என்றால் நம் பக்கம் முக்கால்வாசி பனையும் தென்னையும்தான். காலை எட்டு மணிக்கு ஒரு முறை, பன்னிரண்டுக்கு ஒரு முறை, மூன்றரைக்கு ஒரு முறை மாடியேறிப் பாருங்கள். ஒற்றைப் பனையின் நிழல் ஒரே ஒரு சோலார் தகட்டில் விழுந்தாலும் அதோடு தொடராக இணைந்த மற்ற தகடுகளின் மின்சாரத்தையும் அது இழுத்துப் பிடிக்கும். இதை மார்கழியிலும் யோசிக்க வேண்டும், அப்போது சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் நிழல் நீளும்.

தகடு தெற்கு பார்த்து, சுமார் 10 டிகிரி சாய்வு. நாம் இருப்பது வடக்கே ஒன்பதரை டிகிரிக்குள்தான், சித்திரை பிறக்கும் சமயம் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கும், அதன்பிறகு ஆவணி நடுவரை உச்சிக்கு வடக்கே போய்த்தான் திரும்பும். அதனால் சாய்வைக் கூட்டினால் மின்சாரம் கூடும் என்று யாராவது சொன்னால் நம் ஊருக்கு அது பொருந்தாது. சாய்வு கூடினால் காற்றுதான் கூடப் பிடிக்கும். மழைத் தண்ணீர் வழிந்து ஓட 10 டிகிரி போதும்.

மாடியில் கருவாடு காயப்போடும் பழக்கம் இருந்தால் அதை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். காக்கை எச்சம் தகட்டில் காய்ந்துவிட்டால் மழை பெய்தால்கூடப் போகாது, அந்தப் பொட்டு விழுந்த இடம் சூடாகித் தகடே கெடும்.

உப்பு

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள், வெளியூர் ஆட்கள் எழுதும் எந்த வழிகாட்டியிலும் இது சரியாக இருக்காது.

விடியற்காலையில் மாடிக்குப் போய்த் தகட்டின் மேல் விரலை வைத்து ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். பனி ஈரத்தோடு வெள்ளையாக ஒரு படலம் விரலில் வரும். நாக்கில் வைத்தால் கரிக்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அதோடு நறநறவென்று மணலும் சேரும். அந்தப் படலம் கண்ணாடியில் இருந்தால் மின்சாரம் குறையும், கழுவினால் சரியாகிவிடும். அதே உப்பு போல்ட்டில் உட்கார்ந்தால் கழுவியெல்லாம் சரியாகாது.

எனக்கு முதலில் போட்டுக்கொடுத்தவர்கள் சட்டத்துக்கு நல்ல இரும்புதான் போட்டார்கள், ஆனால் தகட்டைப் பிடிக்கும் போல்ட்டும் நட்டும் சாதாரணம். பதினான்கு மாதத்தில் ஒரு நாள் கழுவப் போனபோது நட்டுக்குக் கீழே பழுப்பு நிறத்தில் கோடு வழிந்திருந்தது. ஸ்பேனரை வைத்துத் திருகினேன், நட்டு திரும்பவில்லை, இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் போல்ட்டுத் தலை கையோடு வந்துவிட்டது, பிஸ்கட்டை ஒடித்த மாதிரி. ஒரு ஆடிக் காற்று அதற்கு முன்னால் வந்திருந்தால் அந்தத் தகடு எங்கே போய் விழுந்திருக்கும் என்று நினைத்து அன்று இரவு தூக்கமே வரவில்லை. அவ்வளவு போல்ட்டையும் மாற்றினோம், செலவு என்னுடையது. போட்டுக்கொடுத்தவர்கள் "கடல் பக்கம்னா அப்படித்தான் சார்" என்றார்கள். அப்படித்தான் என்று தெரிந்திருந்தால் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டாமா?

அதனால் விலைப்பட்டியல் வாங்கும்போதே எழுத்தில் கேளுங்கள். சட்டம் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்ததாக இருக்க வேண்டும், வெட்டிய இடத்திலும் துளைபோட்ட இடத்திலும் துத்தநாகப் பூச்சு அடிக்க வேண்டும். போல்ட், நட்டு, வாஷர் எல்லாம் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 304 கொஞ்சம் விலை குறைவு, கடலிலிருந்து உள்ளே தள்ளி இருப்பவர்களுக்கு அது பரவாயில்லை. தகட்டுக்கு ஐஇசி 61701 என்ற உப்புக்காற்றுச் சோதனைச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். தகட்டு மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரை மொட்டை மாடியில் மாட்டவே மாட்டாதீர்கள், தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான ஐபி 65 குறி எழுதியிருந்தாலும் சரி, கடலைப் பார்க்காத சுவரில், நிழலில், வீட்டுக்குள்ளோ தாழ்வாரத்திலோ மாட்டுங்கள்.

எர்த் விஷயத்திலும் ஏமாறக்கூடாது. நம் மணல் கோடையில் காய்ந்துபோனால் மின்சாரத்தை உள்ளே விடாது, மழைக்காலத்தில் உப்புத் தண்ணீர் ஊறி இரும்புக் குழாயை அரித்துவிடும். சோலாருக்குத் தனி எர்த், இடிதாங்கிக்குத் தனி எர்த் போடச் சொல்லி, வருடம் ஒரு முறை அளந்து பாருங்கள். பின்னால் கார் சார்ஜர் வைக்கும்போது இதன் அருமை தெரியும், எர்த் சரியில்லை என்றால் கார் சார்ஜ் ஏற்றிக்கொள்ளவே மறுத்துவிடும்.

கழுவுவது போர் தண்ணீரில் வேண்டாம். நம் பக்கத்து போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு நிற்கும், உப்பைக் கழுவ உப்பையே ஊற்றுவதுபோல. மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் உத்தமம், இல்லாவிட்டால் காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் அன்று இரண்டு குடம் எடுத்து வையுங்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால், மெத்தென்ற துணியில், பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை. 3 கிலோவாட்டுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

விண்ணப்பம்

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் வீடுகளுக்கு மானியம் கிடைக்கிறது. 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000. 3 கிலோவாட்டுக்கு மொத்தச் செலவு 2 லட்சத்தை ஒட்டி வரும், நல்ல போல்ட், நல்ல சட்டம் கேட்டால் கொஞ்சம் கூடும். வங்கிக் கடனும் உண்டு.

திட்டத்தின் இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்து, பட்டியலில் உள்ள நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் போட்டு முடித்தபின் மின்வாரியம் வந்து இருவழி மீட்டர் மாட்டி, சோதித்து, அதன்பிறகுதான் மானியம் உங்கள் வங்கிக் கணக்கில் விழும். மானியத்துக்கு இந்தியாவில் தயாரான செல் உள்ள தகடுதான் செல்லும், பில்லில் அதைப் பார்த்து வாங்குங்கள். மின் இணைப்பு இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருக்கும் வீடுகள் நம் பக்கம் ஏராளம். பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள், பாதிப் பேர் இங்கேதான் மாதக்கணக்கில் சிக்கி நிற்கிறார்கள். அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு என்பதையும் அப்போதே பாருங்கள். கார் வாங்கும் எண்ணம் இருந்தால் பளுவைக் கூட்டும் விண்ணப்பத்தையும் கையோடு கொடுத்துவிடலாம்.

இருவழி மீட்டர் என்பதைப் புரிந்துகொள்ளாமல் பலர் "ராத்திரிதான சார் கார் சார்ஜ் போடுவேன், அப்ப வெயில் ஏது" என்று கேட்கிறார்கள். பகலில் நீங்கள் செலவழித்தது போக மிச்சம் மின்வாரியக் கம்பிக்குப் போகும், இரவில் அங்கிருந்து எடுப்பீர்கள், கணக்கில் ஒன்றிலிருந்து மற்றொன்று கழியும். பில்லைப் பொறுத்தவரை எப்போது சார்ஜ் போட்டாலும் ஒன்றுதான். ஆனால் மின்வெட்டு வந்தால் சாதாரண சோலாரும் நின்றுவிடும், நடுப்பகல் வெயிலிலும்கூட. கம்பியில் வேலை செய்யும் லைன்மேன் மேல் மின்சாரம் பாய்ந்துவிடக்கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். மின்வெட்டிலும் வேண்டும் என்றால் பேட்டரியோடு ஹைபிரிட் இன்வெர்ட்டர் வாங்க வேண்டும், அது தனிச் செலவு.

அப்புறம் வண்டி

ஒரு வருடம் சோலார் ஓடட்டும். எவ்வளவு வருகிறது, எவ்வளவு மிஞ்சுகிறது என்று கையில் எண் இருக்கும். அதன்பிறகு கார் கடைக்குப் போனால் விற்பனையாளர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்ட வேண்டிய அவசியம் இருக்காது.

பேட்டரி எவ்வளவு பெரியது வேண்டும்? நம் தூரங்களை வைத்துப் பாருங்கள். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் 55 கிலோமீட்டர், அங்கிருந்து தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை சுமார் 20. போய்வர 150. மதுரைக்கு ஒரு வழி மட்டும் 115. டியாகோ இவி மாதிரி 24 யூனிட் பேட்டரி உள்ள வண்டியில் ஏசி போட்டு நிஜத்தில் 170 போகலாம், ஆனால் காற்றுக் காலத்தில் பாலத்திலும் தனுஷ்கோடிச் சாலையிலும் எதிர்காற்று அடித்தால் அதில் கணிசமாகக் குறையும். அரிச்சல்முனை போய்த் திரும்ப அது நெஞ்சு படபடக்கும் கணக்கு. உள்ளூர் ஓட்டம்தான், மாதம் ஒரு முறை மதுரை என்பவருக்குச் சின்ன பேட்டரி போதும். மதுரைக்கு வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கோ சரக்கு எடுக்கவோ போகிறவர் விண்ட்சர் மாதிரி 38 யூனிட்டிலிருந்து மேலே பாருங்கள்.

சித்தப்பாவின் கேள்விக்கும் பதில் இதுதான். திரையில் மீதமுள்ள தூரம் தெரிந்துகொண்டே இருக்கும், உச்சிப்புளியில் 60 காட்டும்போதே பாலத்தில் ஏறலாமா வேண்டாமா என்று தெரிந்துவிடும். ஆனால் அவர் பயத்தில் நியாயம் உண்டு. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் பக்கம் போனால் வெளியூர் வண்டிகள் பொதுச் சார்ஜரில் வரிசையில் நிற்கும், ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி நேரம். அந்த நாட்களில் வீட்டிலேயே முழுதாக ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். பொதுச் சார்ஜரில் யூனிட்டுக்கு 20 ரூபாய் வாக்கில் ஆவதால், எப்போதும் வெளியிலேயே சார்ஜ் போட வேண்டிய நிலையில் இருப்பவர், அதாவது வாடகை மாடி வீட்டுக்காரர், இப்போதைக்குப் பெட்ரோலிலேயே இருப்பது நல்லது.

வீட்டில் சார்ஜ் போட 15 ஆம்பியர் பிளக் போதும். ஆனால் ஏசிக்கோ மோட்டாருக்கோ போட்ட பழைய ஒயரில் இழுக்காதீர்கள். மீட்டர் பலகையிலிருந்து தனி ஒயர், தனி பிரேக்கர், கசிவைக் கண்டுபிடித்து அணைக்கும் ஆர்சிசிபி. எட்டு ஒன்பது மணி நேரம் ஒரே மூச்சாக மின்சாரம் ஓடும் இடம் அது, தளர்ந்த ஒரு திருகாணி போதும் பிளக் உருக. முதல் வாரம் சார்ஜ் ஏறும்போது பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், கை பொறுக்காத சூடு என்றால் உடனே நிறுத்தி எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கடற்கரையில் மின்சார காருக்கென்று ஒரு தனித் தொந்தரவு உண்டு. இறங்கும்போதும் வேகம் குறையும்போதும் மோட்டாரே வண்டியைப் பிடித்து பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பிவிடுவதால் பிரேக்குக்கு வேலை குறைவு, வேலை குறைந்த பிரேக் தட்டில் உப்புக்காற்று துரு ஏற்றிவிடும். வாரம் ஒரு முறை ஆளில்லாத சாலையில் நான்கைந்து தடவை பிரேக்கை நன்றாக மிதித்து நிறுத்துங்கள், கரகர சத்தம் போய்விடும். சார்ஜ் துளையின் மூடியை ஒருபோதும் திறந்து விடாதீர்கள். அலை ஓரத்தில் ஓட்டிப் படம் எடுக்கும் ஆசை, பெட்ரோல் காரோ மின்சார காரோ, இரண்டுக்குமே கேடு.

"மின்சாரமும் நிலக்கரிலதான வருது" என்று பந்தியில் ஒருவர் சொன்னார். நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரி என்பது உண்மைதான். ஆனால் நம் மாவட்டத்திலேயே வழுதூரில் எரிவாயுவில் ஓடுகிறது ஒரு மின் நிலையம், கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சோலார் நிலையம் வந்தது, அப்போது ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகின் மிகப்பெரியவற்றுள் ஒன்று. இந்த வெயிலை நம்பி அவ்வளவு பெரிதாக முதல் போட்டிருக்கிறார்கள், அதே வெயில்தான் நம் மாடியிலும் விழுகிறது. பெட்ரோலுக்கு அப்படி ஒரு வழியே கிடையாது.

புயல் காலத்துக்கு

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம், அதனால் இதை விளக்க வேண்டியதில்லை. சோலார் சட்டத்தை எட்டடி உயரத்தில் தூக்கிப் போட்டு அடியில் நிழல் பந்தல் ஆக்கிக்கொள்ளும் ஆசை பலருக்கும் உண்டு. கடலோரத்தில் அது வேண்டாம், தாழ்வாகவே இருக்கட்டும். வெறும் கான்கிரீட் கட்டையின் பாரத்தை மட்டும் நம்பி நிறுத்தாமல், தளத்தில் துளைபோட்டு ரசாயனப் பசையோடு நங்கூர போல்ட் இறக்கி, துளை வாய்க்கு நீர் புகாத பூச்சு போடச் சொல்லுங்கள். ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு நட்டையும் ஸ்பேனர் வைத்து ஒரு முறை பாருங்கள்.

பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிய செய்தி வந்ததும் காரை முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிடுங்கள், கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சில வண்டிகளில் காரிலிருந்து வெளியே மின்சாரம் எடுக்கும் வசதி உண்டு, வாங்கும்போதே கேட்டு வாங்கினால் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு விசிறி, இரண்டு விளக்கு, போன் சார்ஜ் எல்லாம் அதிலேயே ஓட்டிவிடலாம். காற்று வலுப்பதற்கு முன் சார்ஜர் பிளக்கைக் கழற்றி, இன்வெர்ட்டரில் முதலில் வீட்டுப் பக்கத்து ஏசி சுவிட்சையும் அடுத்து தகட்டுப் பக்கத்து டிசி சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். காரைத் தென்னைக்கு அடியிலிருந்து எடுத்து, சுவருக்கு மறைவாக, தண்ணீர் தேங்காத மேட்டில் நிறுத்துங்கள். காற்று ஓய்ந்தபிறகும் உடனே சுவிட்சைப் போடாமல், மாடியேறி ஒயர் எங்காவது அறுந்திருக்கிறதா, தகட்டில் கீறல் உண்டா என்று பார்த்து, இன்வெர்ட்டரும் இணைப்புகளும் ஈரமில்லாமல் காய்ந்திருந்தால் மட்டும் போடுங்கள்.